கொடைக்கானல் ஓடையின் வலைஞர்கள்

1980ஆம் ஆண்டு ‘அக்வாட்டிக் இன்செக்ட்ஸ்’ என்ற ஆய்விதழில் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் பெர்னார்ட் ஸ்வெக்மன், வில்லியம் காஃப்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள். அறிவியலுக்கு அதுவரை தெரியாத ஒரு கேடிஸ் பூச்சி இனத்தைத் தென்னிந்தியாவிலிருந்து அதில் விவரித்திருந்தார்கள். அதற்கு வைத்த பெயர் ஸ்டெனோசைக்கே கொடைக்கானலென்சிஸ்.

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள், தூண்பாறையைப் பார்க்கிறார்கள், குறிஞ்சி அடுத்து எந்த ஆண்டு பூக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்கிறார்கள். அந்த ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஓர் உயிர் மலை ஓடையில் கல்லிடுக்கில் வாழ்கிறது என்பது அவர்களில் மிகச் சிலருக்கே தெரியும். தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

நான் இருப்பது நல்லவாட்டில். புதுச்சேரிக்குத் தெற்கே, வங்கக் கடலை ஒட்டிய மணல்வெளி. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் மேடு என்று சொல்ல ஒரு குன்றுகூட இல்லை. ஆனாலும் இந்தப் பூச்சியைப் புரிந்துகொள்ள மீனவ ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஸ்டெனோசைக்கேயின் லார்வா ஒரு வலைஞன். ஓடும் தண்ணீரில் வலை கட்டிப் பிழைக்கிற புழு அது. எந்த நீவாட்டில், அதாவது நீரோட்டத்தில், எந்த வலையை விடுவது, வலைக்கண் எவ்வளவு இருக்க வேண்டும், ஒருவர் வலைக்குப் பின்னால் இன்னொருவர் விட்டால் யாருக்கு மீன்பாடு என்பதெல்லாம் இந்தக் கரையில் அன்றாடப் பேச்சு. சுருக்குமடி வலையை முன்வைத்துக் கரையோர ஊர்களுக்கிடையே அண்மை ஆண்டுகளில் மூண்ட பூசலும் இந்தக் கேள்விகளிலிருந்து பிறந்ததுதான். இதே கேள்விகளுக்கு ஓடைக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக விடை தேடிக்கொண்டிருப்பவை கேடிஸ் லார்வாக்கள்.

வளர்ந்த கேடிஸ் பூச்சியைப் பார்க்கிறவர்கள் அந்துப்பூச்சி என்றுதான் எண்ணுவார்கள். விளக்கைத் தேடி வரும். உட்காரும்போது சிறகுகளை முதுகின் மேல் இரு பக்கமும் சரிவாக மடித்துக்கொள்ளும். நீளமான உணர்கொம்புகளை முன்னால் நீட்டி வைத்திருக்கும். உற்றுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். அந்துப்பூச்சியின் சிறகில் செதில்கள் உண்டு. இதன் சிறகில் இருப்பவை மெல்லிய மயிர்கள். அந்துப்பூச்சிக்கு உள்ளதுபோல் சுருண்ட உறிஞ்சுகுழலும் இதற்கு இல்லை. இவை டிரைக்கோப்டெரா என்ற தனி வரிசை. வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிகளின் குலத்துக்கு மிக நெருங்கிய உறவு இந்த வரிசைதான். பட்டு நூற்கும் திறமை இரண்டு குலங்களுக்கும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தது. ஒரு கிளை நிலத்தில் தங்கிச் செடிகொடிகளைத் தின்றது. காஞ்சிபுரம் சேலைக்கு நூல் தரும் பட்டுப்புழு அந்தக் கிளையில் வந்தது. இன்னொரு கிளையின் புழுக்கள் தண்ணீருக்குள் இறங்கி அங்கே நூற்றன. உலகம் முழுவதும் இதுவரை 16,000க்கும் மேற்பட்ட கேடிஸ் இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் மட்டும் ஆயிரத்துக்கு மேல்.

சிறகு முளைத்த பிறகு இவற்றுக்கு வாழ்வு சில நாட்கள், அதிகம் போனால் சில வாரங்கள். மற்ற காலமெல்லாம் நீருக்கடியில்தான். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு பிழைப்பு. மணல், சுள்ளி, இலைத்துணுக்கு ஆகியவற்றைப் பட்டால் ஒட்டிக் கூடு செய்து, அதற்குள் உடலை நுழைத்து, போகிற இடமெல்லாம் இழுத்துச் செல்பவை பல. அனிசோசென்ட்ரோபஸ் என்ற பேரினம் இரண்டு இலைத் துண்டுகளை நறுக்கி எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டி, நடுவே படுத்துக்கொள்ளும். ஹெலிகோசைக்கே மணலைக் கொண்டு சுருள் கூடு கட்டும். அது நத்தை ஓட்டை அப்படியே ஒத்திருப்பதால், அமெரிக்காவில் 1834இல் ஐசக் லீ என்ற சிப்பியியல் அறிஞர் அதை நத்தை என்றே எண்ணி அறிவியல் பெயரும் வைத்துவிட்டார். ரையகோஃபிலா கூடே கட்டாமல் பாறை மேல் ஊர்ந்து வேட்டையாடும். கடலை எட்டிப் பார்த்தவையும் உண்டு. நியூசிலாந்து, ஆஸ்திரேலியக் கரைகளில் வாழும் ஃபிலானிசஸ், நட்சத்திர மீனின் உடலுக்குள் முட்டையிடுகிறது. நம் கடற்கரையில் அந்த வகை கிடையாது.

வலை கட்டுபவை இவற்றில் தனி ரகம். ஸ்டெனோசைக்கே அவற்றுள் பெரிய உடல் கொண்டது. லார்வாவின் தலை ஒடுங்கி நீண்டிருக்கும், அதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். வேகமாகத் தண்ணீர் பாயும் இடத்தில், கற்களுக்கு நடுவே பட்டு வலையைக் கட்டி, பக்கத்தில் தனக்கு ஒரு மறைவிடமும் செய்துகொள்கிறது. ஓட்டத்தோடு வரும் பாசி, இலைத்தூள், சின்னஞ்சிறு உயிர்கள் வலையில் தங்கும். லார்வா வெளியே வந்து அவற்றை மேய்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். ஜப்பானின் நாகானோ பகுதியில் தென்ரியூ ஆற்றில் இதே பேரினத்தின் வேறொரு இனத்தைக் குளிர்காலத்தில் அரித்தெடுத்து, சோயா சாறும் சர்க்கரையும் சேர்த்துச் சுண்டவைத்துச் சாப்பிடுகிறார்கள். அங்கே அதற்குச் சந்தை மதிப்பே உண்டு. சமைக்கும் அளவுக்குக் கிடைக்கிறது என்றால் ஓர் ஆற்றின் அடியில் எத்தனை வலைகள் விரிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லா இனங்களும் ஒரே கண்ணளவில் நெய்வதில்லை. ஹைட்ரோசைக்கிடே குடும்பத்தில் பலவற்றின் வலைக்கண் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் பத்தில் சில பங்கு வரை. ஃபிலோபோட்டமிடே குடும்பத்தில் அது நம்ப முடியாத அளவு பொடி. அமெரிக்காவில் டோலோஃபிலோடெஸ் என்ற பேரினத்தின் வலையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து வாலஸ், மலாஸ் என்ற இருவர் 1976இல் எழுதினார்கள். கண்ணின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முழு வளர்ச்சி அடைந்த ஒரு புழுவின் வலையில் ஏறத்தாழ பத்துக் கோடி கண்கள். இழையைப் பிரித்து நீட்டினால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். இவ்வளவு பொடிக்கண் வலையைப் பாய்ச்சலில் கட்டினால் கிழிந்துவிடும். ஆகவே அவை கல்லின் அடிப்பக்கத்தில், தண்ணீர் மெல்லக் கசியும் இடத்தில் கட்டி, மற்றவர் வலையில் தங்காமல் போகும் நுண்துகளைப் பிடிக்கின்றன. பெருங்கண் வலைக்காரர்கள் ஓட்டத்தின் நடுவே நிற்கிறார்கள். ஒரே கல்லில் மேலே ஒருவர், கீழே ஒருவர், இடுக்கில் ஒருவர்.

இந்தப் பங்கீட்டால் யாருக்கு என்ன லாபம் என்பதைப் பிராட்லி கார்டினாலே, மார்கரெட் பாமர், ஸ்காட் காலின்ஸ் மூவரும் ஒரு சோதனையில் பார்த்தார்கள். செயற்கை ஓடைகளை அமைத்து, சிலவற்றில் ஒரே ஓர் இன லார்வாக்களையும், சிலவற்றில் மூன்று இனங்களைக் கலந்தும் விட்டார்கள். மொத்த எண்ணிக்கை எல்லாவற்றிலும் சமம். கலந்து விட்ட ஓடைகளில் பிடிபட்ட உணவு அதிகம். ஒரே இனம் இருந்தால் எல்லா வலையும் ஒரே உயரத்தில் நிற்கும். முன்னால் இருப்பது ஓட்டத்தைத் தடுக்க, பின்னால் இருப்பதற்குத் தண்ணீர் மந்தமாகிவிடும். உயரம் வேறுபட்டால் அடித்தளம் மேடுபள்ளமாகி, ஓட்டம் பின்னால் இருப்பவர் வரை வேகம் குறையாமல் போய்ச் சேருகிறது. 2002இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளியானது. பல்லுயிர்ப் பெருக்கம் ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு நான் படித்தவற்றில் இவ்வளவு தெளிவான விடை வேறில்லை. ஓர் இனம் போனால் அதன் பங்கு மட்டும் போவதில்லை. அடுத்தவர் பாடும் குறைகிறது.

வலையின் நூலுக்கே ஒரு தனிக் கதை உண்டு. ஈரத்தில் எதையும் ஒட்டுவது எவ்வளவு கடினம் என்பது படகில் ஓட்டை அடைத்தவர்களுக்குத் தெரியும். கேடிஸ் லார்வா நீருக்குள்ளேயே நூற்று, நீருக்குள்ளேயே ஒட்டுகிறது. யூட்டா பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் ஸ்டூவர்ட் 2010இல் இதன் காரணத்தை விளக்கினார். பட்டுப் புரதத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலங்களில் பாஸ்பேட் தொகுதிகள் சேர்ந்திருக்கின்றன. நிலத்துப் பட்டுப்புழுவின் நூலில் இந்த ஏற்பாடு இல்லை. தண்ணீரில் இருக்கும் கால்சியம் போன்ற அயனிகள் இந்தப் பாஸ்பேட்டுகளைப் பிணைத்து இழைக்கு உறுதி தருகின்றன. அறுவை சிகிச்சையில் ஈரமான திசுக்களை ஒட்டும் பசையை இதன் வழியில் செய்ய முடியுமா என்று ஆய்வகங்கள் முயல்கின்றன. பசை வரட்டும். அதற்கு முன்பே இந்தப் பட்டு ஆறுகளுக்கு ஒரு வேலை செய்துவருகிறது. வலைகளும் மறைவிடங்களும் சரளைக் கற்களை ஒன்றோடொன்று கட்டிப் போடுவதால், அவற்றைப் புரட்ட வெள்ளத்துக்குக் கூடுதல் விசை தேவைப்படுகிறது என்று அளந்து காட்டியிருக்கிறார்கள்.

ஒரு புதிய இனத்தை எப்படிப் புதியது என்று சொல்கிறார்கள்? மாலை மங்கியதும் ஓடைக்கரையில் வெள்ளைத் துணி கட்டி, புற ஊதா விளக்கு வைப்பார்கள். வரும் பூச்சிகளை ஆல்கஹாலில் போடுவார்கள். சிறகும் நிறமும் இனம் பிரிக்கப் பெரும்பாலும் உதவாது. நெருங்கிய இனங்கள் ஒரே சாயலில் இருக்கும். வேறுபாடு ஆண் பூச்சியின் இனவுறுப்பில் இருக்கிறது. வயிற்றின் கடைக்கூற்றை வெட்டியெடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால் தசை கரைந்து, கெட்டிப் பகுதிகள் மட்டும் மிஞ்சும். அதை நுண்ணோக்கியின் கீழே பக்கவாட்டில், மேலிருந்து, கீழிருந்து என்று திருப்பித் திருப்பிப் படம் வரைவார்கள். ஒவ்வொரு கொக்கியும் வளைவும் அதில் பதிவாகும். பிறகு அந்தப் பேரினத்தில் உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட எல்லாப் படங்களோடும் ஒப்பிட வேண்டும். ஸ்டெனோசைக்கே பேரினத்தை ராபர்ட் மக்லாக்லன் 1866இலேயே உருவாக்கிவிட்டார். அன்று முதல் சேர்ந்த எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். எதோடும் பொருந்தவில்லை என்றால் ஒரு பூச்சியை மூல மாதிரியாக அறிவித்து அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். இனி உலகில் யாருக்கு ஐயம் வந்தாலும் அந்த ஒற்றைப் பூச்சியிடம் போய்த்தான் கேட்க வேண்டும். படிக்க வறட்சியாக இருக்கும் அந்தக் கட்டுரைகளின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. சொல்லும் ஒவ்வொன்றையும் நூறு ஆண்டு கழித்தும் ஒருவர் சரிபார்க்கும்படி எழுதுகிறார்கள்.

கொடைக்கானல் பூச்சி இன்னொரு புதிரையும் கிளப்புகிறது. ஸ்டெனோசைக்கே இனங்கள் செறிந்திருப்பது இமயமலையிலும் கிழக்காசியாவிலும். அங்கிருந்து கொடைக்கானல் இருக்கும் பழனி மலை 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால். இடையில் இருப்பவை வெப்பச் சமவெளிகள். குளிர்ந்த, வேகமான ஓடைக்கு அங்கே வழியில்லை. பிறகு எப்படி வந்தது? மீன்களை வைத்து இதே கேள்வியைக் கேட்டவர் சுந்தர் லால் ஹோரா. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தவர். பாய்ச்சல் நீரில் கல்லைப் பற்றிக்கொண்டு வாழும் உயிர்களின் உடலமைப்பைப் பற்றி 1930இல் அவர் எழுதிய ஆய்வு இன்றும் பேசப்படுவது. இமயத்தின் கிழக்கிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஒத்த மீன்கள் இருப்பதற்கு, விந்திய சாத்பூரா மலைத்தொடர் ஒரு காலத்தில் பாலமாக இருந்தது என்று 1949இல் அவர் வாதிட்டார். பனியுகங்களின்போது சமவெளிகள் குளிர்ந்து, மலை உயிர்கள் கீழே இறங்கிப் பரவின. பூமி சூடானதும் மலை மேல் ஒதுங்கித் தனித்துப் போயின என்பது இன்னொரு விளக்கம். இப்போது மரபணு ஒப்பீடுகள் ஒவ்வொரு குலமும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு வழியில் வந்ததைக் காட்டுகின்றன. கேடிஸ் பூச்சிகள் இந்த விசாரணைக்கு நல்ல சாட்சிகள். லார்வா ஓடையை விட்டு நகர முடியாது. சிறகு முளைத்ததும் நீண்ட தூரம் பறப்பவை குறைவு.

மலைப் பூச்சிக்குப் பெயர் வைப்பது சில நேரம் ஒரு குரலாகவும் மாறுகிறது. கொசோவோவில் ‘சபிக்கப்பட்ட மலைகள்’ என்று அழைக்கப்படும் தொடரில் கிடைத்த கேடிஸ் இனம் ஒன்றுக்கு ஹலில் இப்ராஹிமியும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் பொட்டமோஃபிலாக்ஸ் கொரோனாவைரஸ் என்று பெயரிட்டார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் எழுதி முடித்த கட்டுரை என்பது ஒரு காரணம். மாசும் நீர்மின் நிலையங்களும் அந்த ஆறுகளின் உயிர்களுக்கு ஒரு பெருந்தொற்றாக வந்திருக்கின்றன என்று சொல்ல நினைத்தது மற்றொன்று. பெயர் உலகச் செய்தியானது. அந்த மலை ஆற்றின் நிலையும் அதோடு சேர்ந்து பேசப்பட்டது.

பழனி மலைக்கும் துயரங்கள் உண்டு. சோலைக்காடுகளை அழித்து வாட்டில், யூக்கலிப்டஸ், பைன் மரங்களை நட்ட பரப்பு பெரிது. சோலை இலை விழுந்த ஓடைக்கும் பைன் ஊசி விழுந்த ஓடைக்கும் புழுக்களின் தட்டில் விழும் சோறு வேறு. கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து வெளியேறிய பாதரசம் 2001இல் வெளிச்சத்துக்கு வந்தபோது, ஆலைக்குக் கீழே இருப்பது பாம்பாறு சோலை என்பதை நாடே அறிந்தது. இத்தகைய இடங்களில் தண்ணீரைப் புட்டியில் பிடித்துச் சோதிப்பது அந்த நொடியின் தண்ணீரை மட்டும் சொல்லும். கல்லுக்கடியில் பல மாதம் வாழ்ந்த லார்வா, அத்தனை மாதமும் ஓடிய தண்ணீருக்குச் சாட்சி.

பிரிட்டனில் எழுபதுகளின் பிற்பகுதியில் உருவான மதிப்பெண் முறை இந்த உண்மையில்தான் நிற்கிறது. மாசைத் தாங்காத பூச்சிக் குடும்பத்துக்கு அதிகபட்சமாக 10, எதையும் தாங்கும் மண்புழு இனத்துக்கு 1. கூடு கட்டும் கேடிஸ் குடும்பங்கள் பலவற்றுக்கு 10. வலை கட்டும் ஹைட்ரோசைக்கிடே குடும்பத்துக்கு 5. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அதைத் தழுவி ஒரு முறையை வகுத்திருக்கிறது. அதை ஒழுங்காகப் பயன்படுத்தினால் பயன் மலையோடு நிற்காது. புதுச்சேரியின் பாகூர் ஏரிக்குப் பங்காரு வாய்க்கால் வழியாக வரும் பெண்ணையாற்று நீர் நந்தி மலையில் பிறந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை தள்ளிவிட்டுத்தான் கீழே இறங்குகிறது. எந்த இடத்தில் எந்தப் புழு நின்றுபோகிறது என்று ஆற்றின் நெடுக ஒரு கணக்கு எடுத்தால், எந்த இடத்தில் ஆறு கெடுகிறது என்பதைக் கடைமடை விவசாயியும் படித்துவிடலாம்.

ஆனால் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. பெயர் வைக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் சிறகு முளைத்த ஆண் பூச்சிக்கு. ஓடையில் கிடைப்பது லார்வா. இந்த லார்வா வளர்ந்தால் எந்தப் பூச்சி ஆகும் என்பது நம் நாட்டு இனங்களில் மிகப் பலவற்றுக்கு இன்னும் இணைக்கப்படவில்லை. அதனால் கணக்கெடுப்பவர்கள் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரே குடும்பத்தில் மாசைத் தாங்கும் இனமும் தாங்காத இனமும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் விழுந்துவிடுகிறது. பழனி மலையின் தாவரங்களுக்கு அருட்தந்தை கே.எம். மேத்யூ 1999இல் மூன்று தொகுதிகளில் முழுநூல் தந்துவிட்டார். 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளுக்கு வரைபடங்கள் போட்டது. நீர்ப்பூச்சிகளில் மேஃபிளை வரிசைக்கு மதுரையில் பணியாற்றிய கே.ஜி. சிவராமகிருஷ்ணன் வழிகாட்டினார், குற்றாலத்தின் பெயரைத் தாங்கும் பீட்டர்சுலா கோர்ட்டலென்சிஸ் 1984இல் அவர் விவரித்த இனம். கேடிஸ் வரிசைக்கும் அதே உழைப்பு தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உள்ள கல்லூரிகளிலிருந்து வர வேண்டும். அவற்றின் விலங்கியல் துறைகளால் அது முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

லார்வாவையும் பூச்சியையும் இணைக்க மரபணு ஒப்பீடு ஒரு வழி. அதற்குப் பணமும் ஆய்வகமும் வேண்டும். பழைய வழி ஒன்று இருக்கிறது; அதற்குத் தேவை ஒரு நுண்ணோக்கியும் பொறுமையும். கூட்டுப்புழுவாகும்போது லார்வா கல்லின் மேல் சிறு கற்களால் அறை கட்டி, உள்ளே பட்டு உறை பூண்டு அடைந்துகொள்கிறது. உரித்த லார்வாத் தோலின் கெட்டிப் பகுதிகள், தலை ஓடு உட்பட, அந்த அறைக்குள்ளேயே கிடக்கும். முதிர்ந்த கூட்டுப்புழுவின் தோலுக்கடியில் ஆண் பூச்சியின் இனவுறுப்பு முழுதாக உருவாகியிருக்கும். இன்னும் சில நாளில் அது தன் தாடையால் அறையை வெட்டித் திறந்து, நீந்தி மேலே வந்து, தோலுரித்துப் பறந்துவிடும். அதற்கு முந்திய நாட்களில் அந்த அறையைக் கண்டுபிடித்தால் லார்வா, கூட்டுப்புழு, பூச்சி மூன்றும் ஒரே புட்டியில் கிடைக்கும். வனத்துறையிடம் அனுமதி பெற்று, ஓடையில் இறங்கி, ஒவ்வொரு கல்லாகத் திருப்பி, பார்த்த பிறகு இருந்தபடியே கவிழ்த்து வைக்க வேண்டும். எடுத்ததை எண்பது விழுக்காடு ஆல்கஹாலில் போட்டு, ஓடையின் பெயர், உயரம், நாள் எழுதிய காகிதச் சீட்டைப் புட்டிக்குள்ளேயே இட வேண்டும். சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும், இடம் தெரியாத பூச்சியை வைத்து எந்த ஓடையையும் காப்பாற்ற முடியாது.